ஒரு ரூபாவும் ஓர் ஆசிரியரும்

பயிர் செய்கிறவர்களுக்குப் பருவம் என்றால் என்னவென்று யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. பெரும்போகத்துக்கு ஒரு கணக்கு, சிறுபோகத்துக்கு ஒரு கணக்கு. விதைநெல், தண்ணீர், ஆள்பலம் எல்லாவற்றையும் யோசித்துத்தான் விவசாயி மண்ணில் கால் வைக்கிறான். உதைபந்தாட்டத்துக்கும் பருவம் உண்டு. கல்லூரி அணியோ கழக அணியோ, பருவத் தொடக்கத்தில் புதிய பயிற்றுநர் ஒருவர் பொறுப்பேற்றால் ஊர் முழுவதும் ஒரே கேள்வியைக் கேட்கிறது: "இந்த முறை கிண்ணம் நமக்குத்தானா?"

நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு முன்பு கேட்கவேண்டிய இன்னொரு கேள்வி இருக்கிறது. வந்திருக்கும் மனிதர் பிள்ளைகளிடம் முதலில் எதைப் பார்ப்பார்? அவர்களுடைய காலையா, அல்லது அந்தக் கால் மைதானத்துக்கு வந்து சேரமுடியாமல் தடுக்கும் காரியத்தையா?

இந்தக் கேள்வி நம்மைப் போன்றவர்களுக்கு மிகவும் பொருந்தும். 1977இலும் 1983இலும் மலையகத்தில் அடிபட்டு வன்னிக்குப் போய், காடு வெட்டிக் காணியாக்கி, பின்னர் யுத்தத்தில் அங்கிருந்தும் எழுப்பப்பட்ட குடும்பங்கள் நம்மிடையே உண்டு. வடக்கிலும் கிழக்கிலும் வயலை விட்டு வந்தவர்கள் உண்டு. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மண்சரிவில் லயத்தையும் மரக்கறித் தோட்டத்தையும் இழந்தவர்கள் உண்டு. இங்கே நல்லதண்ணிப் பக்கத்து மக்களுக்கு இடம்பெயர்வு புதிய சொல்லல்ல. மவுசாக்கலை நீர்த்தேக்கம் கட்டப்பட்டபோது பழைய மஸ்கெலியா நகரமே தண்ணீருக்குள் போனது. நீர் வற்றும் காலத்தில் அந்தப் பழைய கோயிலின் எச்சங்கள் தலைகாட்டுவதை இன்றும் பார்க்கலாம்.

இடம்பெயரும் குடும்பம் எதை எதை இழந்தது என்று அதிகாரிகள் பட்டியல் எடுப்பார்கள். வீடு, காணி, மாடு, நீர் இறைக்கும் இயந்திரம் எல்லாம் அதில் இருக்கும். பிள்ளை விளையாடிய அணி அந்தப் பட்டியலில் இருக்காது. பதினொரு பேராக ஓடியவர்கள் ஐந்து இடங்களுக்குச் சிதறிவிட்டார்கள் என்பதை எழுதுவதற்கு அந்தப் படிவத்தில் நிரல் இல்லை. புதிய இடத்தில் மாலை நேரம் வந்ததும் பிள்ளைகள் சுவரோரமாகக் குந்தியிருப்பதைத் தாய்மார் பார்க்கிறார்கள். "சண்டை பிடிக்காமல் இருந்தாலே போதும்" என்று நினைக்கிறார்கள்.

அத்தகைய பிள்ளைகளுக்கு ஓர் அணி எப்படி உருவாகும்? அதற்கு ஐதராபாத்தில் வாழ்ந்த ஒரு பாடசாலை ஆசிரியரின் கதை நமக்கு உதவும்.

கலைந்துபோன நகரத்தில் ஒரு புதிய பயிற்றுநர்

செய்யது அப்துல் ரஹீம் 1909ஆம் ஆண்டு ஐதராபாத்தில் பிறந்தவர். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் படித்தார். அதன் உதைபந்தாட்ட அணியிலும் ஆடினார். பட்டம் பெற்றபின் பாடசாலைகளில் ஆசிரியராகப் பணியாற்றினார். உடற்பயிற்சிக் கல்வியிலும் தகைமை பெற்றார். 1943 முதல் ஐதராபாத் உதைபந்தாட்டச் சங்கத்தின் செயலாளராக இருந்தார். அவரை எல்லோரும் "ரஹீம் சாஹிப்" என்றே அழைத்தார்கள். பிள்ளைகளின் பெயரை இடாப்பில் கூப்பிட்டுப் பழகிய அந்தக் குரல்தான் பின்னாளில் மைதானத்திலும் கேட்டது.

1948 செப்ரெம்பரில் இந்திய இராணுவம் ஐதராபாத் சமஸ்தானத்துக்குள் நுழைந்தது. நிஜாமின் ஆட்சி முடிந்தது. அதையொட்டி நடந்த வன்செயல்களில் ஏராளமானோர் உயிரிழந்தார்கள்; குடும்பங்கள் ஊர் விட்டு ஊர் ஓடின. அந்தக் காயம் ஆறாத காலத்திலே, 1950இல், ரஹீம் ஐதராபாத் நகரப் பொலிஸ் அணிக்குப் பயிற்றுநரானார்.

அக்காலத்தில் இந்திய உதைபந்தாட்டத்தின் தலைநகரம் கல்கத்தா. மோகன் பகான், ஈஸ்ற் பெங்கால் போன்ற கழகங்களுக்கு முன்னால் ஒரு தெற்கத்திப் பொலிஸ் அணியைப் பெரிதாக யாரும் மதிக்கவில்லை. அந்த முதற் பருவத்திலேயே ஐதராபாத் பொலிஸ் அணி பம்பாயின் றோவர்ஸ் கிண்ணத்தை வென்றது. டெல்லியின் டியூரண்ட் கிண்ண இறுதியாட்டத்தில் மோகன் பகானையும் தோற்கடித்தது. றோவர்ஸ் கிண்ணத்தை 1950 முதல் 1954 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து தன்னிடமே வைத்திருந்தது.

புதிய பயிற்றுநர் வந்ததும் வெற்றி வந்துவிட்டது என்று இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆனால் 1950ஆம் ஆண்டுக்குப் பின்னால் அவருடைய நீண்ட காலப் பாடசாலைப் பணியும், ஏழு ஆண்டுச் சங்கப் பணியும் இருந்தன. மேலே தெரிவது பயிர். உழுத உழவு மண்ணுக்குள் கிடக்கிறது.

மெலிந்த காலுக்கு ஒரு போட்டி

ரஹீம் செய்தவற்றுள் நாம் கவனிக்கவேண்டிய முதலாவது காரியம், அவர் ஐதராபாத்தில் நடத்திய விசித்திரமான சுற்றுப்போட்டிகள்.

நமது பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு வலது கால்தான் பலம். பந்து இடது பக்கம் வந்தால் உடம்பையே திருப்பிக்கொண்டு வலது காலுக்கு மாற்றுவார்கள். அதற்குள் எதிரணி வந்து பறித்துவிடும். ரஹீம் இதற்காகப் பிள்ளைகளைத் திட்டிக்கொண்டிருக்கவில்லை. பலம் குறைந்த காலால் மட்டும் ஆடவேண்டும் என்ற விதியோடு போட்டிகளை நடத்தினார். அந்தப் போட்டியில் எல்லோரும் ஒரேயளவு தடுமாறுவார்கள். நேற்றைய நட்சத்திரமும் இன்று புதிதாக வந்தவனும் அங்கே சமம். சில வாரங்களில் இரண்டு காலும் உழைக்கத் தொடங்கிவிடும்.

இன்னொரு போட்டியில் பந்தைத் தானே வைத்துக்கொண்டு வெட்டி வெட்டி ஓடக்கூடாது. வந்த பந்தைத் தோழனுக்குக் கொடுத்துவிட வேண்டும். தன் திறமையைக் காட்டவேண்டும் என்ற ஆசை இளைஞனுக்கு இயல்பு. கொடுத்து வாங்கி ஆடினால்தான் அணி முன்னேறும் என்பதை வாயால் போதித்தால் இந்தக் காதால் வாங்கி அந்தக் காதால் விட்டுவிடுவான். போட்டியின் விதியே அப்படியானால் அது பழக்கமாகிவிடும். உயரம் குறைந்தவர்களுக்கென்று தனிப் போட்டியும் இருந்தது. உடம்பு சிறிது என்பதற்காக ஒதுக்கப்பட்ட பையன்கள் அங்கே தங்கள் வேகத்தைக் காட்டினார்கள்.

ஆசிரியர் புத்தி என்பது இதுதான். பலவீனத்தை மறைக்கச் சொல்லாமல், அந்தப் பலவீனத்துக்கே ஒரு மைதானத்தைத் திறந்துவிட்டார்.

சைக்கிள் வாடகை

இரண்டாவது காரியம் இதைவிடச் சிறியது. ஆனால் அதைவிட முக்கியமானது.

செக்கந்தராபாத்துக்கு அருகே அம்முகுடா என்ற கிராமத்தில், ஒரு வறிய தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர் துளசிதாஸ் பலராம். தாயின் பெயர் முத்தம்மா. 1950களின் நடுப்பகுதியில் இந்த இளைஞனின் ஆட்டம் ரஹீமின் கண்ணில் பட்டது. பயிற்சிக்கு வரும்படி அழைத்தார். பயிற்சி நடக்கும் இடமோ தூரம். தினமும் போய்வர இளைஞனிடம் வழியில்லை. அதை அவர் வெளிப்படையாகவே சொன்னார். வாடகைச் சைக்கிள் எடுத்து வருவதற்காக ரஹீம் அவருக்குத் தினமும் ஒரு ரூபா கொடுத்தார். இதைப் பலராமே பின்னாளில் நன்றியோடு சொல்லியிருக்கிறார்.

அந்த ஒரு ரூபாவை நாம் சற்று நிதானித்து யோசிக்க வேண்டும். "ஆர்வம் இருந்தால் எப்படியாவது வந்து சேருவான்" என்று ரஹீம் சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லும் பயிற்றுநர்கள் பலர். அந்தப் பேச்சு வீரமாகத்தான் இருக்கும். ஆனால் அதனால் வடிகட்டப்படுவது சோம்பேறிகள் அல்ல, ஏழைகள். தேயிலைத் தோட்டத்திலிருந்து பாடசாலை மைதானத்துக்குப் பஸ் காசு இல்லாத பிள்ளை "வரவில்லை" என்று இடாப்பில் எழுதப்படுகிறான். ஏன் வரவில்லை என்று கேட்பதற்கு ஒருவர் இருந்தால் அவன் வாழ்க்கை வேறாகலாம்.

பலராம் 1956இல் மெல்பேர்ண் ஒலிம்பிக்குக்கும் 1960இல் றோம் ஒலிம்பிக்குக்கும் போனார். றோமில் பலம்வாய்ந்த ஹங்கேரிக்கு எதிராகவும் பெருவுக்கு எதிராகவும் கோல் அடித்தார். 1962இல் ஆசியத் தங்கம் வென்ற அணியிலும் இருந்தார். பின்னர் சுவாச நோய் காரணமாக இளவயதிலேயே ஆட்டத்தை நிறுத்த நேர்ந்தது. 2023 பெப்ரவரியில் காலமானார்.

தோல்வி என்ற கவ்வாத்து

மூன்றாவது காரியம் தோல்வியைப் பற்றியது.

ரஹீம் இந்திய தேசிய அணிக்கும் பயிற்றுநரானார். 1951 மார்ச்சில் புதுடெல்லியில் நடந்த முதலாவது ஆசிய விளையாட்டு விழாவில் இந்தியா இறுதியாட்டத்தில் ஈரானை 1-0 என்று வென்று தங்கம் பெற்றது. நாடே கொண்டாடியது. அடுத்த ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்றது. குளிர் நாட்டில், ஈரப் புல்லில், நமது வீரர்களில் பலர் சப்பாத்து இல்லாமல் வெறுங்காலோடு ஆடினார்கள்.

தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்குக் கவ்வாத்து தெரியும். கவ்வாத்து வெட்டிய மலையைப் புதிதாகப் பார்க்கிறவன் செடியெல்லாம் செத்துப்போய்விட்டது என்றுதான் நினைப்பான். வெறும் குச்சியாக நிற்கும். எங்கே வெட்டுவது, எவ்வளவு வெட்டுவது என்று தெரிந்தவன் வெட்டினால் அந்தக் குச்சியில்தான் பிறகு நல்ல கொழுந்து வரும்.

ஹெல்சிங்கித் தோல்விக்குப் பிறகு சப்பாத்து அணிந்து ஆடவேண்டும் என்பது இந்திய உதைபந்தாட்டத்தில் கட்டாயமானது. ரஹீம் ஆட்டமுறையையும் மாற்றினார். நடுமுன்னணி வீரர் ஒருவரைச் சற்றுப் பின்னுக்கு இழுத்து ஆடவைத்தார். நான்கு ஆண்டுகளின் பின், 1956இல், மெல்பேர்ணில் இந்தியா அவுஸ்திரேலியாவை அதன் சொந்த மண்ணிலேயே 4-2 என்று வென்றது. நெவில் டி சூசா மூன்று கோல்கள் அடித்தார். ஒலிம்பிக் உதைபந்தாட்டத்தில் ஆசியர் ஒருவர் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் அடித்தது அதுவே முதல் தடவை. அரையிறுதியில் மீண்டும் அதே யூகோஸ்லாவியாவிடம் 4-1 என்று தோற்று, இந்தியா நான்காம் இடம் பெற்றது. பத்து கோல் வாங்கிய அணி நான்கு ஆண்டில் உலகின் நான்காவது ஒலிம்பிக் அணியாக நின்றது. 1952இலேயே பயிற்றுநரைத் துரத்தி அணியைக் கலைத்திருந்தால் 1956 வந்திராது.

யகார்த்தா, 1962

1962 ஆசிய விளையாட்டு விழா இந்தோனேசியாவின் தலைநகர் யகார்த்தாவில் நடந்தது. முதல் ஆட்டத்திலேயே இந்தியா தென்கொரியாவிடம் 2-0 என்று தோற்றது. அடுத்து தாய்லாந்தை 4-1 என்றும் யப்பானை 2-0 என்றும் வென்றது. தாய்லாந்துடனான ஆட்டத்தில் பின்கள வீரர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் காயம்பட்டுத் தையல் போடப்பட்டது.

தலையில் தையலோடு இருப்பவரைப் பின்களத்தில் நிறுத்துவது கஷ்டம். ரஹீம் அவரை முன்வரிசைக்கு அனுப்பினார். அரையிறுதியில் தென்வியட்நாமை 3-2 என்று வென்றபோது ஜர்னைலும் ஒரு கோல் அடித்திருந்தார்.

இறுதியாட்டம் செப்ரெம்பர் 4ஆம் திகதி. எதிரே மீண்டும் தென்கொரியா. அரங்கத்தில் ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர். விழாவுக்கு இஸ்ரேலையும் தாய்வானையும் இந்தோனேசியா அனுமதிக்காததை இந்திய அதிகாரி ஜி. டி. சோந்தி கண்டித்திருந்தார். அந்தக் கோபமெல்லாம் விளையாட வந்த இளைஞர்கள் மீது திரும்பியிருந்தது. கூட்டம் இந்திய அணியை எதிர்த்துக் கூச்சலிட்டது. மதராஸ் படைப்பிரிவின் அணியில் ஆடிய பீற்றர் தங்கராஜ் கோல் காத்தார். பி. கே. பானர்ஜி முதல் கோலை அடித்தார். சில நிமிடங்களில் ஜர்னைல் சிங் இரண்டாவதை அடித்தார். கடைசி நேரத்தில் கொரியா ஒரு கோல் போட்டது. 2-1. தங்கம் இந்தியாவுக்கு.

முதல் ஆட்டத்தில் தோற்கடித்தவர்களையே இறுதியில் தோற்கடித்த அந்த அணியின் பயிற்றுநர் அப்போது கடும் நோயாளி. நுரையீரல் புற்றுநோய். இறுதியாட்டத்துக்கு முன்பு தமக்கு ஒரு பரிசாகத் தங்கத்தைத் தரும்படி வீரர்களிடம் அவர் கேட்டதாகச் சொல்லப்படுகிறது. ஒன்பது மாதங்களின் பின், 1963 யூன் 11ஆம் திகதி, ரஹீம் இறந்தார். அறுபது ஆண்டுகளுக்கு மேல் பெரும்பாலானோர் மறந்திருந்த அவரைப் பற்றி 2024இல் "மைதான்" என்ற ஹிந்தித் திரைப்படம் வெளிவந்தது.

ஒருவரோடு முடிந்தது

கதையின் இந்தக் கடைசிப் பகுதி கசப்பானது. ஆனாலும் சொல்லியாக வேண்டும். 1962க்குப் பிறகு இன்றுவரை ஆசிய விளையாட்டு விழா உதைபந்தாட்டத்தில் இந்தியா தங்கம் வென்றதில்லை. 1970இல் வெண்கலம் கிடைத்தது. அதன்பின் அதுவுமில்லை.

இதற்குக் காரணங்கள் பல. மற்ற நாடுகள் முன்னேறின. பணமும் அமைப்பும் தேவைப்படும் காலம் வந்தது. ஆனாலும் கிராம வேலையில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு பழகிய முகம் தெரியும். நல்ல மனிதர் ஒருவர் வருகிறார். எல்லாம் நடக்கிறது. சங்கம் கூடுகிறது, சேமிப்பு வளர்கிறது, வாய்க்கால் துப்புரவாகிறது. அவர் மாற்றலாகிப் போகிறார், அல்லது இறந்துபோகிறார். ஆறு மாதத்தில் எல்லாம் பழையபடி. அவருக்குத் தெரிந்தது இன்னும் பத்துப் பேருக்குத் தெரியும்படி நாம் ஏற்பாடு செய்யாததே குறை. ஒரு பயிற்றுநருக்கு அருகில் எப்போதும் இரண்டு இளைஞர்கள் பயிற்றுநராவதற்குப் பழகிக்கொண்டிருக்க வேண்டும்.

"வயிற்றுக்கு வழியில்லை, பந்து எதற்கு?"

இதை வாசிக்கும் தாய்மாரும் தகப்பன்மாரும் கேட்கக்கூடிய கேள்வி இது. காணி உறுதி இல்லை, வீட்டுக்குக் கூரை இல்லை, பிள்ளையின் படிப்பு இரண்டு வருடம் பிந்திவிட்டது. இந்த நிலையில் உதைபந்தாட்டமா?

பந்து சோறு போடாது. எல்லாப் பிள்ளையும் பலராம் ஆகப்போவதுமில்லை. அப்படி ஆசை காட்டுகிறவர்களை நம்பவேண்டாம். ஆனால் இடம்பெயர்ந்த பிள்ளைக்குக் குலைந்துபோனது நேரத்தின் ஒழுங்கு. எப்போது எழுவது, எதற்காகக் காத்திருப்பது, யாரை நம்புவது என்பதெல்லாம் கலைந்துவிட்டன. வாரத்தில் மூன்று நாள், நான்கரை மணிக்கு, ஒருவர் தன் பெயரைக் கூப்பிடுவார் என்ற எண்ணம் அந்த ஒழுங்கைத் திரும்பக் கொண்டுவரத் தொடங்கும். வவுனியாவிலிருந்து வந்தவனும் மஸ்கெலியாவில் பிறந்தவனும் ஒரே பந்தைக் கொடுத்து வாங்கும்போது, "வந்தான் வரத்தான்" என்ற பேச்சும் மெல்லக் குறையும்.

செலவும் அதிகமில்லை. ஒரு பந்து, காற்றடிக்கும் பம்பு, நான்கு கம்புகள், ஒரு கொப்பி. மலைச்சரிவில் பெரிய மைதானம் கிடையாது. இருக்கிற சமதரையில் ஐந்து பேருக்கு ஐந்து பேராக, பத்து நிமிடத்துக்கு ஓர் ஆட்டம் வைக்கலாம். ஒரு வாரம் மெலிந்த காலால் மட்டும். மறு வாரம் பந்தை இரண்டு முறைக்கு மேல் தொடாமல். பெண் பிள்ளைகளுக்கும் அதே பந்து, அதே நேரம், அதே விதி. குடிக்கத் தண்ணீர் வைக்கவேண்டும். தண்ணீர் கேட்பவனைக் கோழை என்று சொல்லும் பயிற்றுநர் நமக்கு வேண்டாம். அடிக்கிறவரும் கெட்ட வார்த்தை பேசுகிறவரும் வேண்டாம்.

பயிற்றுநர் யார்? பந்தில் வித்தை காட்டுகிறவரைத் தேடி அலையாதீர்கள். ஒரு காலத்தில் பாடசாலை அணியில் ஆடி, இன்று கொழுந்து மடுவத்தில் நிறுவை பார்க்கும் ஒருவர் போதும். முன்பள்ளி ஆசிரியை ஒருவர் போதும். பொறுமை உள்ளவரா, பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவரா, வராத பிள்ளையின் வீட்டுக்குப் போய்க் கேட்கிறவரா என்று பாருங்கள். முதற் பருவத்தில் கிண்ணம் கேட்காதீர்கள். தொடங்கியபோது எத்தனை பிள்ளைகள் வந்தார்கள், பருவ முடிவில் எத்தனை பேர் வருகிறார்கள் என்று மட்டும் கணக்குப் பாருங்கள்.

அந்தக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில், ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கு நேரே, அவனை அல்லது அவளை வரவிடாமல் தடுப்பது எது என்று எழுதி வையுங்கள். பஸ் காசு, தம்பியைப் பார்த்துக்கொள்ளும் வேலை, கிழிந்த காற்சட்டை, தகப்பனின் குடி. அவற்றில் ஒன்றையாவது ஒவ்வொரு மாதமும் ஊர் சேர்ந்து தீர்க்கட்டும். ரஹீம் சாஹிப்பின் ஒரு ரூபா இன்று எவ்வளவு பெறும் என்பது கணக்கு வாத்தியாருக்கான கேள்வி. அதை யார் கொடுப்பது என்பது நமக்கான கேள்வி.

குழுவில் கலந்துரையாட:

1. நமது குடியிருப்பில் மாலை நேரத்தில் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள்? யார் அவர்களோடு இருக்கிறார்கள்?

2. விளையாட வராத பிள்ளைகள் யார்? அவர்களைத் தடுப்பது என்ன?

3. நமது சங்கத்தில் ஒரே ஒருவருக்கு மட்டும் தெரிந்த வேலை எது? அதை அடுத்த பருவத்துக்குள் இன்னும் இருவருக்கு எப்படிப் பழக்கலாம்?